கணினி வாசிக்கும் இசை

பள்ளி ஆண்டு விழாவுக்கும் கல்லூரி முத்தமிழ் விழாவுக்கும் இக்காலத்து மாணவர் தாமே மெட்டமைத்துக் கொள்கின்றனர். ஆர்மோனியம் வாங்கப் பொருள் வேண்டும். வாத்தியக்காரரை அமர்த்த அதனினும் மிகுதியான பொருள் வேண்டும். வீட்டில் ஒரு கணினி இருந்தால், சுரங்களை அதில் எழுதி, "வாசி" என்று கட்டளையிடலாம். கணினியும் தயங்காமல் வாசித்துவிடுகிறது. ஆனால் அவ்வாறு வருகின்ற ஒலி எத்தகையது? திருவிழாக் கடையில் விற்கும் விளையாட்டுப் பொம்மையின் ஒலி போல இருக்கிறது. வயலின் என்று எழுதினால் தகரத்தைத் தேய்ப்பது போலக் கேட்கிறது. புல்லாங்குழல் என்று எழுதினால் தேநீர்க் கடைக் கொதிகலம் சீறுவது போலக் கேட்கிறது. கேட்டவர்கள் நகைக்கின்றனர்; மெட்டமைத்தவன் நாணித் தலைகுனிகிறான். "எனக்கு இசை வராது" என்று அவன் முடிவு கட்டிவிடுகிறான். அவனைப் பார்த்த மற்றொருவன், "கணினிக்கு இசை வராது" என்று முடிவு கட்டுகிறான்.

இவ்விரு முடிவுகளும் அவசர முடிவுகள் என்பதே என் கருத்து. நான் ஆசிரியப் பயிற்சி பெற்று, ஒலியியல் பாடத்தைப் பல்லாண்டு நடத்தி, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். இசைப் புலவன் அல்லேன். எனினும் ஒலி எங்கே பிறக்கிறது, எங்கே கெடுகிறது என்பதை ஆராய்வது பௌதிகம் கற்பித்தவனுக்கு இயல்பான வேலை. அந்த ஆராய்ச்சியை இன்று உங்களோடு சேர்ந்து செய்யலாம் என்று கருதுகிறேன்.

முதலில் கணினிக்கு நாம் கொடுப்பது யாது என்று பார்ப்போம். நாம் எழுதும் கோப்புக்கு மிடிக் கோப்பு என்று பெயர். பாட்டு ஒலிப்பதிவு வேறு. மிடிக் கோப்பு வேறு. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

நம் கொங்கு நாட்டில் தறியோசை கேளாத ஊர் மிகச் சில. கரை வேலைப்பாடு உள்ள துணி நெய்யும் தறியின் மேலே ஜக்கார்டுப் பெட்டி இருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக அதில் நகர்ந்து செல்லும். எந்தப் பாவு நூல் எப்போது மேலே எழ வேண்டும் என்பதை அத்துளைகள் கூறும். பிரான்சு நாட்டு ஜக்கார்டு என்பார் 1804இல் இம்முறையை அமைத்தார். அந்த அட்டையில் மயிலின் உருவம் உண்டு; ஆனால் ஒரு முழம் நூல்கூட இல்லை. அதே அட்டையைக் கொண்டு முரட்டுப் பருத்தியிலும் நெய்யலாம், பட்டிலும் நெய்யலாம். துணி சொரசொரப்பாக இருந்தால் அட்டை வெட்டியவனைப் பழிப்பது முறையாகுமா?

மிடிக் கோப்பும் அத்தகைய அட்டையே. "பதினாறு வாத்தியக்காரருள் இன்னார், இந்தச் சுரத்தை, இவ்வளவு அழுத்தமாகத் தொடங்குக" என்பது ஒரு கட்டளை. "நிறுத்துக" என்பது மற்றொரு கட்டளை. ஒவ்வொரு கட்டளையும் மூன்றே பைட்டுகள். சுரத்துக்கு 0 முதல் 127 வரை எண் உண்டு. பியானோவின் நடுவில் உள்ள சுரத்துக்கு எண் 60. அழுத்தத்துக்கு 1 முதல் 127 வரை எண் உண்டு. ஒலி என்பது இதில் எங்கும் இல்லை. குறுந்தட்டின் தரத்தில் ஒரு பாட்டைப் பதிவு செய்தால், ஒரு விநாடிக்கு 1,76,400 பைட்டுகள் செல்லும். மூன்று நிமிடப் பாட்டுக்கு மூன்று கோடிக்கு மேல் ஆகும். அதே பாட்டின் மிடிக் கோப்பு பெரும்பாலும் ஒரு லட்சம் பைட்டைத் தாண்டாது. இவ்வளவு சிறிய கோப்பில் ஒலி அடங்காது என்பதை எண்களே சொல்லிவிடுகின்றன.

இம்முறை தோன்றிய வரலாறும் அறியத்தக்கது. மின்னிசைப் பெட்டிகளைச் செய்த நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தத்தமக்கென ஒரு மொழியை வைத்திருந்தன. ஒரு நிறுவனத்தின் பெட்டி மற்றொரு நிறுவனத்தின் பெட்டியோடு பேச மாட்டாது. ஜப்பானில் ரோலண்டு நிறுவனத்தை நிறுவிய இகுதாரோ ககேஹாஷி அவர்களும், அமெரிக்காவில் சீக்வென்ஷியல் சர்க்கியூட்ஸ் நிறுவனத்தின் டேவ் ஸ்மித் அவர்களும் பொதுமொழி ஒன்று வேண்டும் என்று முயன்றனர். 1983ஆம் ஆண்டு ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், இரு நிறுவனங்களின் பெட்டிகளையும் ஒரு கம்பியால் இணைத்தனர். ஒன்றின் கட்டையை அழுத்த, மற்றொன்று ஒலித்தது. போட்டியாளர் இருவர் தமக்குள் ஒரு பொதுமொழியை ஏற்றுக்கொண்டு, அதனை உலகுக்கும் பொதுவாக்கினர். முப்பது ஆண்டு கழித்து, 2013இல், இவ்விருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பெற்றது.

இப்பொதுமொழி தமிழ்நாட்டுக்கு வர நெடுங்காலம் ஆகவில்லை. 1986இல் வெளிவந்த "புன்னகை மன்னன்" படத்தில் இளையராஜா அவர்கள் கணினியின் துணைகொண்டு இசையமைத்தார். ஏ. ஆர். ரகுமான் அவர்கள் 1989இல் சென்னையில் தம் இல்லத்தை ஒட்டி அமைத்த ஒலிப்பதிவுக் கூடத்தில் மின்னிசைக் கருவிகளும் கணினியும் சேர்ந்து வேலை செய்தன. 1992இல் வந்த "ரோஜா" படத்தின் இசையை நாடே கேட்டது. ஆகவே கணினிக்கு இசை வராது என்ற முடிவு தமிழ்நாட்டிலேயே பொய்யாகிவிட்டது. அவர்கள் கையாண்ட மொழிதான் நீங்கள் கையாளும் மொழியும். வேறுபாடு குரலில் இருக்கிறது.

அந்தக் குரலைத் தருவது யார்? இதுவே அடுத்த வினா.

தொடக்க காலத்து ஒலி அட்டைகள் பலவற்றில் ஒலிக்கென ஒரு சில்லு இருந்தது. அது ஓர் அலையைக் கொண்டு மற்றோர் அலையை ஆட்டி, புதிய ஒலிகளைக் கணக்கினால் உண்டாக்கியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சவுனிங் என்பார் 1967இல் கண்டறிந்த முறை அது. மணியோசை போன்றவற்றை அம்முறை அழகாகத் தந்தது. வயலினையும் குழலையும் தரும்போது இயற்கை குன்றியது. பின்னர் வேறொரு முறை பரவியது. உண்மையான வாத்தியத்தை ஒவ்வொரு சுரமாக வாசிக்கச் செய்து, பதிவு செய்து, அப்பதிவுகளைச் சேமித்து வைப்பர். கட்டளை வரும்போது உரிய பதிவை எடுத்து ஒலிப்பர். 1994இல் கிரியேட்டிவ் நிறுவனம் வெளியிட்ட ஒலி அட்டை ஒன்றில், பயனாளர் தாம் விரும்பிய பதிவுத் தொகுப்பை ஏற்றிக்கொள்ளும் வசதி இருந்தது. அத்தொகுப்புக்குச் சவுண்ட் ஃபாண்ட் என்று பெயரிட்டனர். எழுத்துக்கு எழுத்துரு எப்படியோ, இசைக்குச் சவுண்ட் ஃபாண்ட் அப்படி. ஒரே செய்யுளை அழகிய எழுத்திலும் அச்சிடலாம். மங்கிய எழுத்திலும் அச்சிடலாம் அல்லவா? இதனை நாம் குரல் தொகுப்பு என்று வழங்குவோம்.

இன்று இவ்வேலையைச் செய்யத் தனி அட்டை வேண்டியதில்லை. கணினியின் பொதுச் செயலியே மென்பொருளின் துணையால் செய்துவிடுகிறது. விண்டோஸ் கணினி வாங்கும்போதே அத்தகைய மென்பொருள் ஒன்று அதனுள் அமைந்து வருகிறது. ரோலண்டு நிறுவனத்தின் குரல்களை உரிமம் பெற்றுச் சேர்த்த தொகுப்பு அதில் உண்டு. கணினிகளின் நினைவகம் மிகச் சிறியதாக இருந்த காலத்துக்கென அமைந்த தொகுப்பு அது. அளவு ஏறத்தாழ 34 லட்சம் பைட்டுகள். சற்று முன் சொன்ன கணக்கைக் கொண்டு வகுத்துப் பாருங்கள். குறுந்தட்டின் தரத்தில் இருபது விநாடிக்கு உரிய இடம் அது. 128 வாத்தியங்களின் குரலையும், அவற்றோடு தாளக் கருவிகளையும் இருபது விநாடிக்குரிய இடத்தில் அடக்கினால், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கிடைக்கும்? ஒரு சுரத்தைப் பதிவு செய்து, அதையே மேலும் கீழும் இழுத்துப் பல சுரங்களாக ஆக்க வேண்டும். ஒலிநாடாவை வேகமாகச் சுழற்றினால் மனிதக் குரல் கிளிக்குரல் ஆவதை மூத்தோர் அறிவர். அதே மாற்றம் இங்கும் நிகழ்கிறது. தகரத்தன்மைக்குக் காரணம் இதுவே. அக்காலத்து எல்லைக்குள் அதனைச் செய்தவர்களின் திறமை பாராட்டத்தக்கது. ஆனால் அந்த எல்லைக்குள் இன்றும் நாம் அடங்கிக் கிடக்க வேண்டியதில்லை.

இனி, திருத்தும் வழிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் வழி, குரல் தொகுப்பை மாற்றுவது. ஃப்ளூயிட்சிந்த் என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைப்பது. அதன் மூல நிரலும் யாவர்க்கும் திறந்திருப்பது. விண்டோஸ் கணினியில் மிடிக் கோப்புகளை வாசிக்க வெர்ச்சுவல்மிடிசிந்த் என்பதை நிறுவிக்கொள்ளலாம். சுரங்களை மேனாட்டு முறையில் எழுதுவோர்க்கு மியூஸ்ஸ்கோர் என்னும் மென்பொருள் உண்டு. இவை யாவும் குரல் தொகுப்புகளை ஏற்றுக்கொள்வன. தொகுப்புகளிலும் இலவசமானவை உள. ஜெனரல்யூசர் என்பது ஏறத்தாழ 30 மெகாபைட். ஃப்ளூயிட் ஆர்3 என்பது ஏறத்தாழ 140 மெகாபைட். இருபது விநாடி இடத்தோடு ஒப்பிட்டால், முன்னது மூன்று நிமிட இடம்; பின்னது பதின்மூன்று நிமிட இடம். இடம் பெருகப் பெருக, ஒரு வாத்தியத்துக்குப் பல பதிவுகளை வைக்கலாம். மெல்ல வாசித்தது, ஓங்கி வாசித்தது எனத் தனித்தனியாகவும் வைக்கலாம்.

பெரியதே சிறந்தது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். ஒரு தொகுப்பில் பியானோ நன்றாக இருக்கும்; குழல் நன்றாக இராது. மற்றொன்றில் இதற்கு நேர்மாறாக இருக்கும். ஒரே மிடிக் கோப்பை இரண்டு மூன்று தொகுப்புகளில் வாசிக்கச் செய்து, கண்ணை மூடிக் கேட்டு, எது நும் பாட்டுக்குப் பொருந்துகிறது என்று முடிவு செய்க. தாராபுரத்தில் மாணவர் சிலரைக் கூட்டி இச்சோதனையை ஒருமுறை செய்து காட்டினேன். ஒரு மாணவி எழுதியிருந்த மெட்டு. அவளே அதனைக் கேட்கக் கூசிக்கொண்டிருந்தாள். தொகுப்பை மாற்றி வாசிக்கச் செய்ததும், "ஐயா, மெட்டைத் திருத்திவிட்டீர்களா?" என்று கேட்டாள். "ஓர் எழுத்தும் திருத்தவில்லை, அம்மா. இது நீ எழுதியதுதான்" என்றேன். அவள் மறுபடியும் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். விலைக்கு விற்கும் பெரிய மென்பொருள்களைத் திருட்டுத்தனமாகப் படி எடுத்துப் பயன்படுத்தும் வழக்கம் சிலரிடம் உண்டு. பிறர் உழைப்பை மதியாதவன் தன் மெட்டைப் பிறர் மதிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தல் பொருந்தாது. நேர்மையான வழியிலேயே கிடைக்கும் நல்ல கருவிகள் இவ்வளவு இருக்கும்போது திருட்டு வழி எதற்கு? 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் மேனிலை மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகள் இன்னும் சில வீடுகளில் உறங்குகின்றன. வேலை செய்யும் நிலையில் இருந்தால், அத்தகைய பழைய கணினியும் சிறிய தொகுப்பொன்றை ஏற்று வாசிக்கப் போதும்.

இரண்டாவது வழி, கேட்கும் கருவியைக் கவனிப்பது. மடிக்கணினியின் ஒலிபெருக்கி காசளவே உள்ள சிறு தகடு. அது மேற்சுரங்களைத் தரும். தவிலின் தொப்பிப் பக்கத்து நாதத்தைத் தர அதனால் இயலாது. நல்ல தொகுப்பை ஏற்றிவிட்டு இந்த ஒலிபெருக்கியில் கேட்பது, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயை மண்ணெண்ணெய்ப் புட்டியில் ஊற்றுவது போன்றது. சுமாரான ஹெட்போன் ஒன்றே பெரிய மாற்றத்தைத் தரும்.

மூன்றாவது வழி, ஒலியளவையும் எதிரொலியையும் அளவோடு வைப்பது. பல வாத்தியங்கள் ஒருங்கே ஒலிக்கும்போது அவற்றின் அலைகள் கூடுகின்றன. கணினி தாங்கும் எல்லையை அக்கூட்டுத்தொகை மீறினால், அலையின் முகடுகள் வெட்டுண்டு கரகரப்புத் தோன்றும். இதனால்தான் ஃப்ளூயிட்சிந்த் தன் ஒலிப்பெருக்க அளவைத் தொடக்கத்தில் 0.2 என்றே வைத்துக்கொள்கிறது. ஒலி போதவில்லை என்று அதனைக் கண்டபடி ஏற்றிவிட்டுக் குரல் தொகுப்பைக் குறை கூறாதீர்கள். எதிரொலியும் அப்படியே. வெட்டவெளியில் பாடும் குரல் வறண்டு கேட்கும். கோயில் மண்டபத்தில் பாடும் குரல் நிறைந்து கேட்கும். குகைக்குள் பாடினால் சொல்லே விளங்காது. மண்டபத்தளவு எதிரொலி போதும்.

நான்காவது, தாமதம். விசைப்பலகை ஒன்றை இணைத்து நேரடியாக வாசிப்போர், "அழுத்துவது இப்போது, ஒலிப்பது அப்புறம்" என்று குறைப்பட்டுக் கொள்வர். கணினி ஒலியைச் சிறு சிறு மூட்டைகளாகக் கட்டி அனுப்புகிறது. ஒரு விநாடிக்கு 44,100 அளவைகள் செல்லும்; மூட்டைக்கு 512 அளவைகள் என்றால், ஒரு மூட்டை கட்ட ஏறத்தாழ 12 மில்லி விநாடி ஆகும்; 2,048 என்றால் 46 மில்லி விநாடி ஆகும். ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. ஆகவே முதலாவது, நான்கு மீட்டர் தொலைவில் நிற்கும் தவிற்காரரைக் கேட்பது போன்றது. அதனோடு ஒட்டி வாசிக்க முடியும். இரண்டாவது, பதினாறு மீட்டர் தொலைவில் நிற்பவரைக் கேட்பது போன்றது, தாளம் இடறும். மூட்டையை மிகச் சிறிதாக்கினால் கணினி மூச்சு வாங்கும். ஒலி விட்டு விட்டு வரும். எனவே நேரடியாக வாசிக்கும்போது சிறிய மூட்டை, எழுதியதைக் கேட்கும்போது பெரிய மூட்டை என்று வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

ஐந்தாவதே தலையாயது. அது எழுதுபவன் கையில் இருக்கிறது. எல்லாச் சுரங்களுக்கும் ஒரே அழுத்த எண்ணை எழுதிவிட்டால், உலகிலுள்ள சிறந்த தொகுப்பாலும் அதனை இசையாக்க முடியாது. வாய்பாடு ஒப்பிக்கும் பிள்ளையின் குரலைக் கேட்டிருப்பீர்கள். சொற்கள் சரியாக இருக்கும், பொருள் இராது. தாளத்தின் முதலடிக்கு ஓர் எண், நடுவிலுள்ள சுரங்களுக்குச் சற்றுக் குறைந்த எண், வரியின் முடிவுக்கு மேலும் குறைந்த எண் என்று மாற்றி எழுதிப் பாருங்கள். குழல் வாசிப்பவர் மூச்சு வாங்க வேண்டும்; ஆகவே குழலுக்கு எழுதும்போது வரிகளுக்கிடையே சிறு இடைவெளி விடுங்கள். வாசிப்பவரை மனத்தில் நிறுத்திக்கொண்டு எழுதினால் கணினியும் அவரைப் போலவே வாசிக்கத் தொடங்கும்.

இவ்வளவும் உலகத்தார் யாவர்க்கும் பொதுவானவை. இனிச் சொல்லப்போவது நமக்கே உரியது.

நம் இசையின் உயிர் கமகத்தில் இருக்கிறது. தோடி இராகத்தின் காந்தாரத்தை அசைவின்றி நிறுத்தி வாசித்தால் அது தோடியாகாது. மிடியின் எண்களோ பியானோக் கட்டைகளைப் போலத் தனித்தனியே நிற்பவை. இக்குறையை நீக்க அம்மொழியிலேயே ஒரு வழி உண்டு. சுரத்தை ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மேலும் கீழும் வளைக்கும் கட்டளை அது. 16,384 படிகள் அதில் உள்ளன. பெரும்பாலான கருவிகளில் நடுவிலிருந்து மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் வரை அது வளைக்கும். வேண்டினால் அவ்வெல்லையை விரித்துக்கொள்ளலாம். ஆனால் அக்கட்டளை அந்த வாத்தியக்காரர் அப்போது வாசிக்கும் எல்லாச் சுரங்களையும் ஒருங்கே வளைத்துவிடும். ஆதலால் கமகம் வேண்டிய வரிக்குப் பதினாறு பேருள் ஒருவரைத் தனியாக ஒதுக்கிவிட வேண்டும். எம். சுப்பிரமணியன் என்பார், கர்நாடக இசைக்கென்றே "காயகா" என்னும் மென்பொருளை ஆக்கினார். கமகங்களைக் கணினியால் ஆராய்ந்து கட்டுரைகளும் எழுதினார். நம் இசையின் இலக்கணத்தை அறிந்தவர் கணினியைக் கற்றால் என்ன விளையும் என்பதற்கு அது நல்ல சான்று. 2020இல் மிடியின் இரண்டாம் பதிப்பு அறிவிக்கப்பெற்றது. அதில் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்க இடம் உண்டு. அது எங்கும் பரவும்போது கமகம் எழுதுவது எளிதாகும்.

இன்னொரு குறை இதனினும் ஆழமானது. 1991இல் வாத்தியங்களின் பொதுப் பட்டியல் ஒன்றை வகுத்தனர். 128 வாத்தியங்கள். 105ஆம் எண்ணில் சிதார் இருக்கிறது. 112ஆம் எண்ணில் ஷெனாய் இருக்கிறது. வீணை இல்லை, நாதசுரம் இல்லை. தாளக் கருவிகளுக்கெனத் தனிப்பட்டியல் உண்டு. அதில் மிருதங்கம் இல்லை, தவில் இல்லை, உறுமி இல்லை. நம் கொங்கு நாட்டுத் திருவிழாக்களில் ஊரையே எழுப்பும் துடும்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. வகுத்தவர்கள் தாம் அறிந்தவற்றை வகுத்தனர். அவர்களை நொந்து பயனில்லை. ஆனால் இதன் விளைவைச் சிந்தியுங்கள். மங்கல இசை எழுத விரும்பும் மாணவன் நாதசுரத்துக்குப் பதில் ஷெனாயைத் தேர்ந்தெடுக்கிறான். துடும்பு வேண்டிய இடத்தில் மேனாட்டு முரசை வைக்கிறான். சில ஆண்டுகளில் அவன் செவியே அதற்குப் பழகிவிடுகிறது. பட்டியலில் இல்லாதது காதில் இல்லாமற்போகும். காதில் இல்லாதது நாளடைவில் கையிலும் இல்லாமற்போகும்.

இவ்வாறு போனது நமக்குப் புதிதன்று. யாழ் என்னும் கருவியின் பெயர் நம்மிடம் இருக்கிறது; அதன் வகைகளின் பெயர்கள் இருக்கின்றன; நரம்பு கட்டும் முறை பற்றிய குறிப்புகளும் பழந்தமிழ் நூல்களில் இருக்கின்றன. அதன் ஒலி மட்டும் போய்விட்டது. விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து, நூற்குறிப்புகளைக் கணக்கோடு ஆராய்ந்து, யாழ்களின் அமைப்பை மீட்டுரைக்க வேண்டியிருந்தது. அவர் இயற்றிய "யாழ் நூல்" 1947இல் வெளிவந்தது. ஒலிப்பதிவு இல்லாத காலத்தில் யாழ் மறைந்தது. அதற்கு யாரையும் குறை கூற இயலாது. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கும் இக்காலத்தில் ஒரு வாத்தியம் ஓசையின்றி மறைந்தால், பின்னோர் நம்மை மன்னிப்பரோ?

ஆதலின் நம் வாத்தியங்களுக்கு நாமே குரல் தொகுப்பு ஆக்க வேண்டும். இது பெரும் பொருட்செலவு வேண்டுவதன்று. முறையைச் சொல்கிறேன். போக்குவரத்து ஓசை இல்லாத விடியற்காலையைத் தேர்ந்தெடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஒலிவாங்கியை ஓரிடத்தில் நிலையாக வையுங்கள். ஒவ்வோர் அடியையும் மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என மூன்று வகையாக அடிக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் சில முறை பதிவு செய்யுங்கள். நாதம் முற்றும் அடங்கும் வரை பொறுத்திருங்கள். சுருக்கப்படாத வேவ் கோப்பாகச் சேமியுங்கள். ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளால் ஓரங்களை வெட்டிச் சீர்செய்யலாம். பாலிபோன் என்னும் மற்றோர் இலவச மென்பொருளால், எந்தப் பதிவு எந்தக் கட்டைக்கு, எந்த அழுத்தத்துக்கு என்று வகுத்து, குரல் தொகுப்பாகக் கட்டிவிடலாம். தாளக் கருவியில் தொடங்குங்கள், அது எளிது. நாதசுரம் போல இழைந்து செல்லும் கருவிக்கு இம்முறை முழுதும் போதாது. தனிச்சுரங்களைப் பிடிக்கலாம், இழைவைப் பிடிப்பது கடினம். அதனையும் அறிந்தே இறங்க வேண்டும்.

இம்முறையில், தாராபுரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், முதிய துடும்புக் கலைஞர் ஒருவரை மாணவர் சிலரோடு சென்று பதிவு செய்தோம். அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குச் செல்கிறார். குழுவில் அவர் கோலை ஏற்க ஆளில்லை. நான்கைந்து அடிகளைத் தொகுப்பாக்கி, கணினியில் ஒரு தாளம் எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டினோம். உற்றுக் கேட்டார். "வாத்தியாரய்யா, அடி என்றதுதானுங்க. ஆனா அடிக்கும் அடிக்கும் நடுவுல நாம ஒரு மூச்சு உடுவோமுங்க. அதைக் காணோமுங்களே!" என்றார். மாணவர் திகைத்தனர். அவர் எழுந்து, கோலை எடுத்து, அந்த மூச்சு எங்கே வருகிறது என்று அடித்துக் காட்டினார். மாணவர் அவர் அடித்ததைப் பதிவு செய்து, அடிகளுக்கிடையே உள்ள நேரத்தை அளந்தனர். கணினி சமமாகப் பங்கிட்டிருந்த இடைவெளிகள் அவர் கையில் சமமாக இல்லை. மூன்றாம் அடி சற்றே பிந்தி வந்தது. அப்பிந்தலை மிடிக் கோப்பில் எழுதி மீண்டும் வாசித்தபோது, "இப்ப ஆட்டக்காரன் கால் வைப்பானுங்க" என்றார். குரல் மட்டும் போதாது; அக்குரலை உடையவரிடம் பாடமும் கேட்க வேண்டும் என்பதை அம்மாணவர் அன்று கற்றனர். பாடநூலில் அதனை என்னால் கற்பித்திருக்க முடியாது.

இத்தகைய வேலையில் அறம் ஒன்று உண்டு. கலைஞரின் இசைவு பெற்றே பதிவு செய்ய வேண்டும். அது எதற்குப் பயன்படும் என்பதை அவருக்கு விளங்கச் சொல்ல வேண்டும். அவர் விரும்பினால் தொகுப்பில் அவர் பெயரைப் பொறிக்க வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து நமக்காக அமர்ந்தவருக்கு உரிய பொருளைக் கொடுக்க வேண்டும். அவருடைய வாத்தியத்தின் குரலைக் கணினிக்குள் அடைத்துவிட்டு, அடுத்த திருவிழாவில் அவரையே வேண்டாம் என்று சொல்வது நன்றி கொன்ற செயல் ஆகும். தொகுப்பு, பயிலும் மாணவனுக்கும் தொலைவில் வாழும் தமிழனுக்கும் உதவட்டும். ஊர்த் திருவிழாவில் துடும்பு நேரில் முழங்கட்டும்.

மாணவ நண்பர்களே, உங்களை நான் வேண்டுவது இரண்டு. நீங்கள் எழுதிய மெட்டைக் கணினி தகரம் போல வாசித்தால், மெட்டைக் கிழித்து எறிவதற்கு முன் குரலை மாற்றிக் கேளுங்கள். அடுத்து, உங்கள் ஊரில் பட்டியலில் இல்லாத வாத்தியம் எது, அதனை வாசிப்பவர் எங்கே இருக்கிறார் என்று இந்த விடுமுறையிலேயே கேட்டறியுங்கள். அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தால், விடுமுறை முடியும் வரைகூடக் காத்திராதீர்கள்.